அளவறிந்து இடுதலும் அன்பே

சென்ற ஞாயிறு மாலை நெடுந்தீவில் இளைஞர் சிலர் ஒடியற்கூழ்ப் பானையைச் சுற்றியிருந்தனர். எல்லார் கையிலும் பனையோலைப் பிளா; என்னிடம் முன்னர் இலக்கணம் பயின்ற மாணாக்கன் ஒருவன் கை மட்டும் வெறுமையாயிருந்தது. "ஒரு பிளா குடிச்சால் என்ன தம்பி வந்திடும்?" என்றார் முதியவர் ஒருவர். அவன் விடை கூறாது எழுந்து போயினான்.

அவனுக்கு அகவை 23. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு 4 மணி நேரம், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பொறியொன்று அவன் குருதியைத் தூய்மை செய்கின்றது. அதன்பொருட்டு நகரத்து உறவினர் இல்லத்தில் தங்கியிருப்பவன், ஞாயிறன்றே குறிகட்டுவானில் படகேறி ஊர் காண வருகின்றான்.

நம் சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாது உழைக்கின்றது. பொறி உழைப்பதோ 12 மணி நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் அருந்திய நீர் உடலிலே தங்கி நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் சுமையாகின்றது. கருவாட்டின் உப்பு விடாயை மிகுவிக்கும். பொற்றாசியம் குருதியில் மிகுந்தால் இதயம் நின்றுவிடவுங் கூடும். கூழிலிட்ட மரவள்ளியினின்றும் பலாக்கொட்டையினின்றும் கரைந்த பொற்றாசியம் அந்நீரிலேயே நிற்க, அதனையன்றோ நாம் குடிக்கின்றோம்! நோயாளர்க்கு நல்லதென நாம் நீட்டும் இளநீரும் அத்தகையதே.

யானறிய, நம்மவர் இங்கு இரு பிழை செய்கின்றனர். ஒன்று, உண்ணென வற்புறுத்தல். மற்றொன்று, உண்ணமாட்டான் எனக் கருதி அழையாதே விடுதல். முன்னையது உடலை வருத்தும். பின்னையது உள்ளத்தை வருத்தும். இளமையிற் பின்னையதே கொடிது என்பேன்.

நயினாதீவை மணிபல்லவம் எனக் கொள்வோர் நம்மிடைப் பலர். மணிமேகலை அமுதசுரபி பெற்றது அங்கேயாம். அப்பாத்திரத்தினின்று இட்ட ஒருபிடி அன்னமே காயசண்டிகையின் யானைத்தீ நோயை அவித்தது. இட்டவள் நோக்கியது தன் பாத்திரத்தின் நிறைவையன்று, உண்பவளின் பசியையே.

நாமும் அவ்வாறே நோக்குதல் கூடும். அழைக்கும்போதே, "உமக்கு ஆவது யாது?" என வினவுவோம். காய்களை நறுக்கி மிக்க நீரில் அவித்து அந்நீரை வடித்துவிட்டால் பொற்றாசியம் பெரிதுங் குறையும். குருதித் தூய்மையின்போது புரதமும் ஓரளவு கழிதலால், வைத்தியர் வகுத்த அளவில் புதுமீனும் முட்டை வெண்கருவும் வேண்டப்படுவனவே. உப்புக் குறைத்து ஆக்கிய மீன் ஒரு துண்டும் ஒரு பிடி சோறும் அவனுக்கெனத் தனியே எடுத்துவைத்தல் எவ்வில்லத்தார்க்கும் அரிதன்று.

பானையருகே அவனுக்கும் ஓர் இடம் வேண்டும். உண்பது எவ்வளவென்பதை அவனே அறிவான். உடனிருத்தல் நம் கடன்.