தூக்கி எறியும் முன் சற்றே சிந்திப்போம்!

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

பிரஷர் குக்கரில் ஆவி கசிந்தால் நம் அன்னையர் என்ன செய்கிறார்கள்? குக்கரையே தெருவில் வீசிவிடுகிறார்களா? இல்லை, கேஸ்கட்டை மாற்றுகிறார்கள். தையல் மெஷினின் பெல்ட் அறுந்தால் புது பெல்ட் போட்டு மறுபடியும் மிதிக்கிறார்கள். ஆனால் கணினி என்று வந்துவிட்டால் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. "மெதுவாக ஓடுகிறது, பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான்" என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் ஒருவன். அந்தக் கதைதான் இதுவும்.

மாணவத் தோழியரே! பழைய கணினி பலவற்றுக்கு வந்திருக்கும் நோய் முதுமை அன்று. அதன் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்ற ஒரே ஒரு உறுப்பின் தளர்ச்சியே அது. அந்த உறுப்பை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் கணினி மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். அதைச் செய்து பார்க்காமல் எந்தக் கணினியையும் ஒதுக்கக் கூடாது என்பதும், அந்த வேலையைப் பெண்களாகிய நாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் என் தாழ்மையான கருத்துகள்.

முதலில் ஹார்ட் டிஸ்க் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ஹார்ட் டிஸ்க் கொண்ட முதல் கணினியை வெளியிட்டது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் அதில் இருந்தன. அத்தனை தட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அவ்வளவு இடத்தைப் பிடித்துவிடும்! பின்னர் தட்டுகள் சிறுத்தன, கொள்ளளவு பெருகியது. ஆனால் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு கை முன்னும் பின்னும் நகர்ந்து படிக்கிறது, எழுதுகிறது.

மடிக்கணினிகளில் பெரும்பாலும் காணப்படும் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். அதாவது நொடிக்கு 90 சுற்று. வேகம்தானே என்று தோன்றும். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். வேண்டிய இடம் கைக்கு நேராக வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகர்வதற்கும் நேரம் வேண்டும். ஆகவே நொடிக்கு நூறு இடங்களைக்கூட அதனால் தேடிப் படிக்க முடியாது. கணினியை முடுக்கும்போதோ அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்தாக வேண்டும். பாவம், அந்தச் சிறு கை என்ன செய்யும்?

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதன் உயிர். மின்னூட்டத்தைச் சிறு அறைகளில் சிறைப்பிடித்து வைத்துத் தகவலைக் காக்கும் சில்லுகள் அவை. எந்த அறையைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்துவிடும். நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் மாடி ஏறி இறங்குவதற்கும், எல்லா நூல்களும் கைக்கெட்டும் மேசையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

இதை ஏட்டறிவாக மட்டும் நான் சொல்லவில்லை. தமிழக அரசு 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் இலட்சக்கணக்கான மாணவ மாணவியர் பயன் பெற்றனர். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. அந்த மடிக்கணினியில்தான் அவள் செவிலியர் படிப்பை முடித்தாள். அதே கணினியைத்தான் நான் இப்போது படிப்புக்குப் பயன்படுத்துகிறேன். சென்ற ஆண்டு அது திறப்பதற்கே ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. பழுது பார்க்கும் கடையில் காட்டினோம். "இனி இது தேறாதும்மா, பழைய சாமானுக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார்கள். அம்மா ரவிக்கை தைத்துக் குடும்பத்தைத் தாங்குபவர். புதிய மடிக்கணினி என்றால் அவருக்குப் பல மாதங்களின் உழைப்பு. அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. மறைந்த எங்கள் பாட்டி பேசியும் பாடியும் இருக்கும் காட்சிகள் அந்தக் கணினியில் மட்டுமே இருந்தன.

விடுமுறையில் வந்த அக்கா துணை நிற்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதைப் பிரித்து எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினேன். புதிய கணினியின் விலையோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சிறியது. இப்போது அது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. பாட்டியின் குரலும் பத்திரமாக இருக்கிறது.

இதைச் செய்யும் முறை கடினமன்று; வரிசை தவறாமல் செய்வதே முக்கியம். வெள்ளம் வருமுன் அணை போடுவது போல, முதலில் முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். அடுத்து, புதிய எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. கேபிள் வழியாகக் கணினியில் இணைத்து, பழைய டிஸ்க்கில் உள்ள யாவற்றையும் அப்படியே அதில் படியெடுக்கலாம். குளோன்ஜில்லா போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. பழைய டிஸ்க்கைவிடப் புதியது கொள்ளளவில் சிறியதாக இருந்தால் படியெடுப்பது சிக்கலாகும் என்பதை வாங்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும். படியெடுக்க விருப்பமில்லையேல் எல்லாவற்றையும் புதிதாக நிறுவிக்கொண்டு, கோப்புகளை மட்டும் திரும்பச் சேர்க்கலாம்.

அதன் பின்னரே கணினியை முற்றிலும் அணைத்து, சார்ஜரையும் பேட்டரியின் இணைப்பையும் நீக்கிவிட்டுத் திருப்புளியைத் தொட வேண்டும். மடிக்கணினியின் டிஸ்க் இரண்டரை அங்குல அளவுள்ளதாக இருந்தால், அதே அளவில் கிடைக்கும் சாட்டா வகை எஸ்.எஸ்.டி. அதே இடத்தில், அதே இணைப்பில் பொருந்தும். கழற்றிய பழைய டிஸ்க்கை ஓர் உறையில் போட்டுப் படங்களின் இரண்டாம் பிரதிக்குப் பயன்படுத்தலாம்.

"எஸ்.எஸ்.டி.க்கு ஆயுள் குறைவாமே?" என்று சிலர் கேட்பார்கள். அதன் அறைகளில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இருப்பது உண்மை. ஆனால் ஒரே அறை தேயாதபடி எழுதும் வேலையை எல்லா அறைகளுக்கும் அது பகிர்ந்து அளிக்கிறது. வீட்டுப் பயன்பாட்டில் பல ஆண்டுகள் தாங்கும். எனினும் ஹார்ட் டிஸ்க் பலவேளைகளில் சத்தம் எழுப்பி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி.யோ சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடும். ஆகையால் இரண்டாம் பிரதி எப்போதும் வேண்டும்.

இது சர்வரோக நிவாரணி என்றும் நான் கூறவில்லை. கணினியின் மூளையாகிய புராசசர் இதனால் வேகம் பெறாது. சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐப் பல பழைய கணினிகள் ஏற்பதில்லை. அவற்றுக்கு லினக்ஸ் இருக்கிறது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவ்வகையைச் சேர்ந்ததே.

பொருளாதாரம் ஒருபுறம் இருக்கட்டும். உலகில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்ததாக ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. மீதியில் உள்ள ஈயமும் பாதரசமும் யாருடைய மண்ணுக்குப் போகின்றன, யாருடைய குழந்தைகளின் மூச்சில் கலக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு கோப்பை அழித்தோம் என்று நாம் நினைத்தாலும் அது டிஸ்க்கிலேயே கிடக்கும். மீட்டெடுக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். குடும்பப் படங்களும் அடையாளச் சான்றுகளும் உள்ள கணினியை அப்படியே பழைய சாமான் கடையில் போடுவது, வீட்டுச் சாவியைத் தெருவில் போடுவதற்கு ஒப்பாகும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் வேறு தகவலால் நிரப்பி எழுதி அழித்த பின்னரே கொடுக்க வேண்டும்.

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் வேலை" என்று கூறுவோர் இன்னும் இருக்கிறார்கள். தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் விட்டுப் பூட்டும் அன்னையரை அவர்கள் பார்த்ததில்லை போலும்! நான்கு திருகாணிகளைக் கழற்றி ஒரு பெட்டியை மாற்றுவது அதைவிடக் கடினமா? பிறர் கையில் நம் கணினியையும் அந்தரங்கப் படங்களையும் ஒப்படைத்துவிட்டு அஞ்சி நிற்பதைவிட, அந்தக் கலையை நாமே கற்பது பாதுகாப்பும் அல்லவா?

ஆகவே நான் பணிவோடு முன்வைக்கும் யோசனை இது. ஒவ்வொரு பள்ளியிலும் கணினி ஆசிரியையின் மேற்பார்வையில் மாணவியர் குழு ஒன்று அமையட்டும். பயனற்றவை என்று ஒதுக்கிய கணினிகளில் ஒன்றே ஒன்றை எடுத்து எஸ்.எஸ்.டி. பொருத்திச் சோதிக்கட்டும். அது நன்றாக ஓடினால் மற்றவற்றையும் மாற்றலாம். மிகுந்தால் கணினி இல்லாத தோழியின் இல்லத்துக்கும் வழங்கலாம். ஓடவில்லையெனில் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்பலாம். இதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. ஒரு தொழிலறிவு இலாபம்.

புதியதை வாங்கப் பணம் இருந்தால் போதும். பழையதைக் காக்க அறிவும் பொறுமையும் வேண்டும். அவ்விரண்டும் நம்மிடம் உண்டு என்பதைச் செயலில் காட்டுவோம், தோழியரே!