வெயிலுக்கு டயர் காத்தைக் குறைக்கலாமா? மைலேஜ் முதல் டயர் வெடிப்பு வரை... முழு விளக்கம்

“வெயில் ஜாஸ்தி, ரெண்டு பாயின்ட் குறைச்சே வைங்க” - அக்னி நட்சத்திரம் தொடங்கினாலே பஞ்சர் கடைகளில் கேட்கும் பேச்சு இது. கடலூர் - சிதம்பரம் சாலையில் சிப்காட்டுக்கும் அண்ணாமலை பல்கலைக்கழகத்துக்கும் தினமும் வண்டி ஓட்டுற பலரும் இதை நம்புறாங்க. ஆனால், காற்றைக் குறைப்பதுதான் ஆபத்து. ஏன்?

டயர் ஏன் வெடிக்குது?

காற்று குறைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கவாட்டுப் பகுதி அதிகமாக மடங்கி நிமிரும். அதனால் உள்ளே வெப்பம் கூடும். வேகமும் சுமையும் சேரும்போது, டயருக்குள் இருக்கும் அடுக்குகள் பிரிந்து வெடிக்கலாம்.

வெயிலில் அழுத்தம் ஏறுவது உண்மைதான். சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் கூடினால் 1 பி.எஸ்.ஐ. ஏறும். அதையும் கணக்கில் வைத்துதான், டயர் சூடாகாதபோது இருக்க வேண்டிய அளவை நிறுவனங்கள் சொல்றாங்க.

பெட்ரோல் எவ்வளவு வீணாகும்?

எல்லா டயரிலும் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால், மைலேஜ் சுமார் 0.2% குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. 32 இருக்க வேண்டிய காரில் 24 இருந்தால் இழப்பு 1.6%. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடினால், சுமார் 11 லிட்டர் கூடுதல் செலவு. லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலே ரூ.1,100.

தொகை சின்னதுதான். பெரிய செலவு டயரில் இருக்கு. காற்று குறைந்தால் ஓரங்கள் சீக்கிரம் தேயும். அதிகமானால் நடுப்பகுதி தேயும், ரோட்டுப் பிடிப்பும் குறையும். ரெண்டிலுமே டயரை முன்கூட்டியே மாத்த வேண்டி வரும்.

என்ன செய்யணும்?

* காரில் டிரைவர் பக்கக் கதவோர ஸ்டிக்கரையும், பைக்கில் கையேட்டையும் பாருங்க. டயர் மேலேயே அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதை அப்படியே அடிக்கக் கூடாது.

* காலையில் வண்டியை எடுத்த 2 கி.மீ.க்குள் செக் பண்ணுங்க. சிதம்பரத்திலிருந்து சுமார் 45 கி.மீ. ஓட்டி கடலூர் வந்ததும் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்து காத்தை இறக்காதீங்க.

* பின்னால் ஆள் ஏறினாலோ, காரில் குடும்பம், லக்கேஜ் என நிறைந்தாலோ, அந்தச் சுமைக்குச் சொல்லப்பட்ட அளவு அடிங்க.

* மாசம் ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்க. எண்ணெய் நிறுவனங்களின் விதிப்படி பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். காசு தரத் தேவையில்லை.