சட்டத்துணையாளர் கல்வி: எமது சமூகம் உரிய மதிப்பளிக்காத துறை

பிள்ளைகள் மருத்துவராகவோ பொறியியலாளராகவோ சட்டத்தரணியாகவோ வரவேண்டும் என்பதே புலம்பெயர்ந்து வாழும் எமது பெற்றோரிற் பலரின் கனவாக இருக்கின்றது. பல்கலைக்கழகம் என்றாற் பெருமை, சமூகக் கல்லூரி என்றாற் தாழ்வு என்ற எண்ணமும் அக்கனவோடு ஒட்டிக்கொண்டே வருகின்றது. இவ்வெண்ணத்தால் நாம் உரிய மதிப்பளிக்காது விட்ட துறைகளுள் ஒன்று, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 'பராலீகல்' என்றழைக்கப்படும் சட்டத்துணையாளர் துறையாகும்.

பல நாடுகளிற் சட்டத்துணையாளர் என்பவர் சட்டத்தரணியின் மேற்பார்வையிற் பணியாற்றுபவர். ஒன்ராறியோவின் நிலை வேறு. சட்டத்தரணிகளை ஒழுங்குபடுத்தும் சட்டச் சங்கமே 2007 மே மாதம் முதல் சட்டத்துணையாளர்களையும் ஒழுங்குபடுத்தி உரிமம் வழங்கி வருகின்றது. உரிமம் பெற்றவர் சொந்தமாக அலுவலகம் நடத்தலாம். கட்சிக்காரருக்காக நேரில் வாதாடலாம். சிறு உரிமைகோரல் நீதிமன்றம், வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் சபை, வீதிப் போக்குவரத்துக் குற்ற வழக்குகள், வேலைத்தளக் காயங்கள் தொடர்பான மேன்முறையீடுகள், குடிவரவு அகதிகள் சபை என்பன அவரது பணி எல்லைக்குள் அடங்கும். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் வரம்பு 2025 ஒக்ரோபர் முதல் 50,000 டொலராக உயர்ந்துள்ளது. இத்தொகை பல குடும்பங்களின் பல்லாண்டுச் சேமிப்பிற்கு நிகரானது.

மேற்கூறியவை அனைத்தும் உழைக்கும் எளிய மக்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் விடயங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் கையளிக்கும் அறிவித்தல் வெளியேற்றும் ஆணை அன்று. அவ்வாணையைப் பிறப்பிக்கும் அதிகாரம் சபைக்கே உண்டு. இதனை அறியாது மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறுவோர் உளர். போக்குவரத்துக் குற்றச்சீட்டிற்கு 15 நாட்களுக்குட் பதிலளிக்காதவர் தமது தரப்பைக் கூறாமலே குற்றவாளியாகலாம். தொழிற்சாலையிற் காயமுற்றவர் இழப்பீட்டுக் கோரிக்கையைப் பொதுவாக 6 மாதங்களுக்குட் சமர்ப்பிக்க வேண்டும். காலம் கடந்தபின் நியாயம் எம்பக்கம் இருந்தும் பயன் குறைவே.

இவ்வேளைகளில் எமது முதியோர் நாடிச் செல்வது 'எல்லாம் தெரிந்த' ஒருவரையே. உரிமமின்றிச் சட்டச் சேவை வழங்குவது குற்றமாகும். அத்தகையவரிடம் ஏமாந்தால் முறையிடுவதும் இழந்ததை மீட்பதும் மிகக் கடினம். உரிமம் பெற்றவரோ காப்புறுதி வைத்திருக்கவும் ஒழுக்கவிதிகளுக்குக் கட்டுப்படவும் கடமைப்பட்டவர். ஒருவருக்கு உரிமம் உண்டா என்பதைச் சட்டச் சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் எவரும் பார்த்தறியலாம்.

இத்துறைக்குரிய கல்வியைச் சமூகக் கல்லூரிகள் வழங்குகின்றன. பெரும்பாலும் இரண்டாண்டுக் கற்கைநெறி. ஏற்கனவே பட்டம் பெற்றோருக்குக் குறுகிய காலக் கற்கைநெறிகளும் உண்டு. குறைந்தது 120 மணிநேரக் களப்பயிற்சி, அதன்பின் உரிமத் தேர்வு, நன்னடத்தை பற்றிய ஆய்வு என்பன கட்டாயமானவை. கட்டணம் செலுத்துமுன் அக்கற்கைநெறி சட்டச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா என உறுதிப்படுத்துதல் இன்றியமையாதது. அங்கீகாரமற்ற கற்கைநெறி உரிமத்திற்கு வழிவகுக்காது.

இது எளிதான பாதை எனக் கூறுவதற்கில்லை. ஆங்கில எழுத்தாற்றல் மிக அவசியம். வீடு வாங்கல் விற்றல், உயில் எழுதுதல் போன்றவை சட்டத்துணையாளரின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. சொந்த அலுவலகம் தொடங்குவோருக்குத் தொடக்க ஆண்டுகளில் வருமானம் நிச்சயமற்றது. எனினும், தாயகத்தில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பணியாற்றி இங்கு தகைமைக்கேற்ற வேலை கிட்டாது நிற்போருக்கும், இருமொழியும் அறிந்த இளையோருக்கும் இது மதிப்புமிக்க வாய்ப்பாகும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இக்கல்வியை விரும்பினால் "சட்டத்தரணியாக முடியாததாலா?" என்று கேட்காதீர்கள். ஒரு முதியவர் தன் வழக்கைத் தன் தாய்மொழியில் எடுத்துரைக்க, அதனைச் சட்டத்தின் மொழியிற் சபையின் முன்வைக்க ஒருவர் தேவை. அவரை உருவாக்கும் கல்லூரி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.