கல்லூரியின் கடவுச்சொல் யாரிடம்?

நீங்கள் படிக்கிற அல்லது பாடம் நடத்துகிற கல்லூரியின் இணையதளத்தைக் கைபேசியில் திறந்து பாருங்கள். முகப்பில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். பட்டமளிப்பு அங்கியில், அல்லது ஆய்வகத்தில், அல்லது பொங்கல் கோலத்துக்குப் பக்கத்தில். அவளுக்கு ஒரு பேராசிரியர் இரவில் வேண்டாத செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் சொல்வது என்று அதே தளத்தில் தேடுங்கள். எங்கோ ஒரு மூலையில், ஆங்கிலத்தில், கோணலாக ஸ்கேன் செய்த ஒரு பிடிஎஃப் கிடைத்தாலே உங்கள் கல்லூரி பரவாயில்லை. அதிலுள்ள தலைவர் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருக்கலாம்.

இதை மறதி என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன். உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களை எப்படித் தொடர்புகொள்வது, எப்படிப் புகார் தருவது என்பதை வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கவேண்டும் என்று யுஜிசி 2015லேயே விதி வகுத்துவிட்டது. 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம், அந்த விவரங்கள் இணையதளத்தில் எளிதாகக் கிடைக்கவேண்டும், அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும் என்றது. பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் பெயர் சொல்லியே சேர்த்தது. அந்த வழக்கே கோவா பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவர் ஒருவர்மீது மாணவியர் கொடுத்த புகாரில் தொடங்கியதுதான். குழு விசாரணையை அவசர அவசரமாக முடித்ததால் அவருடைய பணிநீக்கம் ரத்தாகி, விசாரணை மறுபடி குழுவிடமே போனது. குழு பெயருக்கு இருந்தால் மாணவிக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் நாக் குழு வருகிறது என்றால் இதே தளம் ஒரே வாரத்தில் பளபளக்கும். கோப்பு கோப்பாக ஏறும். அவற்றைத் திரட்டி, தட்டச்சு செய்து, இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படிவம் நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் பெண் ஆசிரியர்கள். நான் பார்த்தவரை அப்படித்தான். முகப்பில் எது வரும், எது வராது என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. தமிழ்த்துறையின் ஞாபகமோ வரவேற்புக் கவிதை தேவைப்படும்போது மட்டும்தான் வரும். டிஜிட்டல் தொடர்பு என்பதையே இங்கே கணினித்துறையில் யாரோ ஒருவருக்குக் கொடுக்கும் கூடுதல் வேலையாகவோ, வெளியாளுக்குவிடும் ஒப்பந்தமாகவோதான் வைத்திருக்கிறோம். அது யாரிடம், எந்த மொழியில், எதற்காகப் பேசுவது என்கிற கேள்வி. மென்பொருள் அதற்கப்புறம்தான்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் கொடுத்தது. குவாரித் தொழிலாளிகள், வயல் வேலைக்காரிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதற்கும் ஒரு நல்லது கண்டுபிடித்தார்கள். இயக்கம் அவர்களைப் படம் பிடித்து மாட்டிவைப்பதோடு நிற்கவில்லை. ஹேண்டில்பாரை அவர்கள் கையில் கொடுத்தது.

அவர்களுடைய பேத்திகள்தான் இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். மடிக்கணினி கிடையாது, அண்ணனோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு கைபேசிதான். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் ஒரு மாதம் வராவிட்டால் யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். தளம் அவர்களிடம் 'தொலைநோக்கு, இலக்கு' என்று ஆங்கிலத்தில் பேசுகிறது. சுற்றறிக்கை தமிழில் இருந்தாலும் அது எழுத்தாக ஏறாமல் படமாகத்தான் ஏறுகிறது. தேடினால் அகப்படாது, பார்வையற்ற மாணவியின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் வெற்றிடம். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்.

முத்துலட்சுமி ரெட்டி இதே ஊரில் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது, பையன்கள் பார்த்துவிடாதபடி திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. இப்போது திரைமேலேயே வைத்துவிட்டோம். வித்தியாசம் இருக்கிறதுதான், மறுக்கவில்லை. திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு அன்று பாடமாவது கேட்டது.

பெண்ணைப் பற்றிய எந்தத் தகவல் வெளியே போகிறது, எது போவதில்லை என்பதையும் பாருங்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானபோது, அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. கசிந்தது காவல்துறை வழியாக, உண்மைதான். ஆனால் மறைக்கவேண்டிய பெயர் நொடியில் ஊரெல்லாம் போய்விடுகிறது. வெளியிடவேண்டிய தொலைபேசி எண்ணுக்கு மட்டும் தீர்மானம், கோப்பு, கையெழுத்து எல்லாம் தேவைப்படுகிறது.

மாணவிகளும் பெண் ஆசிரியர்களும் அந்த மேசையில் உட்காரவேண்டும், வாக்கோடு. கடவுச்சொல் அவர்களில் ஒருவரிடமாவது இருக்கவேண்டும். புகார்க் குழுவின் எண் முகப்பிலேயே, தமிழில், எழுத்தாக வரவேண்டும். இதற்கு டெண்டர் விட வேண்டியதில்லை, பத்து நிமிட வேலை. போட்டுவிட்டோம் என்று சொன்னால், இரவு ஒன்பது மணிக்கு அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.