பூட்டுக்குக் காவலா, புத்தகத்துக்குத் துணையா?

“ஏன் ஐயா, நூலகத்தை மாலை ஐந்து மணிக்கே மூடுகிறீர்கள்?”

“ஆள் இல்லை!”

“ஆள் ஏன் இல்லை?”

“ஓய்வு பெற்றுப் போனவரின் இடம் நிரப்பப்படவில்லை!”

“ஏன் நிரப்பவில்லை?”

“படிக்க வருவோர் தொகை குறைந்துவிட்டது. பிறகு ஆள் எதற்கு?”

“படிக்க வருவோர் ஏன் குறைந்தனர்?”

“ஐந்து மணிக்கே மூடிவிடுகிறோமே, எப்படி வருவார்கள்!”

நாடக மேடையிலே இந்த உரையாடலை நான் வைத்தால், மக்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். ஆனால் இதுவே கோப்பாகி, குறிப்பாகி, ஆணையாகிப் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து வெளிவரும்போது சிரிப்பு எழவில்லை, நெஞ்சு எரிகிறது. செக்குமாடும் வட்டமாகத்தான் சுற்றுகிறது. அது சுற்றினால் எண்ணெயாவது வடிகிறது. இவர்கள் சுற்றும் சுற்றிலே வடிவது ஏழை மாணவனின் கண்ணீர்!

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பீர்கள். பெயரைச் சொல்ல வரவில்லை நான். பிணியைச் சொல்ல வந்தேன். நூலகர் பதவி காலியாகக் கிடக்கும். பேராசிரியர் ஒருவருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று எழுதிவிடுவார்கள். முப்பதாண்டு அனுபவம் பெற்றவர் மாலையும் சால்வையும் பெற்று வீட்டுக்குச் செல்வார். அவர் நாற்காலியிலே, நூலகவியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாளை இருப்போமா என்று அறியாத ஒப்பந்த ஊழியன் ஒருவன் உட்காருவான். உசாத்துணைப் பிரிவிலே ஆளின்றி மேசை மட்டும் இருக்கும். வாயிலிலே புதிதாக ஓர் இயந்திரம் நிற்கும். இத்தனையும் செய்துவிட்டு இதற்கொரு பெயரும் சூட்டுகிறார்கள் — நவீனமயம்!

நவீனமாம், நவீனம்! நூறு ஆண்டுகளுக்கு முன்னே, இதே தமிழகத்திலே, நவீனம் என்றால் என்ன என்று ஒருவர் செய்து காட்டினார். அந்த வரலாற்றை இவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஆண்டு 1924. சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கென ஒரு நூலகரை அமர்த்துகிறது. வந்தவர் சீர்காழியிலே பிறந்தவர், மாநிலக் கல்லூரியிலே கணிதம் கற்பித்தவர், எஸ். ஆர். இரங்கநாதன். வந்து அமர்ந்த சில நாள்களிலேயே, அந்தத் தனிமை பொறுக்காமல், கல்லூரிக்கே திரும்பிவிடத் துடித்தார் அவர். நூல்கள் இருந்தன, நாற்காலி இருந்தது, மாணவர் முகம் பார்த்துப் பழகியவருக்கு அந்த முகங்கள்தாம் இல்லை. ஆளரவம் அற்ற நூலகம் எவ்வளவு கொடிய இடம் என்பதை, நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படுபவர் தம் முதல் வாரத்திலேயே உணர்ந்தார்!

பிறகு அவர் இங்கிலாந்து சென்றார். நூலகம் நூலகமாகச் சென்று பார்த்தார். உழைப்பாளியும் இல்லத்தரசியும் சிறுவனும் அங்கே நூல் எடுத்துச் செல்வதைக் கண்டார். அவர்களுக்குத் துணை நிற்கப் பயிற்சி பெற்ற பணியாளர் படை இருப்பதையும் கண்டார். 1925-ல் திரும்பினார். திரும்பியவர் தம் மேசைக்கு மெருகு போடவில்லை. வாசகன் நேரே அடுக்கண்டை சென்று, நூலைத் தொட்டு, புரட்டி, தேர்ந்தெடுக்கும் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்தார். தேடி வருவோர்க்குத் துணை நிற்பதையே ஒரு தனிப் பணியாக வளர்த்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1929-ல் அச்சங்கம் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931-ல் பல்கலைக்கழகமே அதனை ஏற்றுக்கொண்டது. அதே 1931-ல் அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகள் நூலாயின. அதே ஆண்டு, மன்னார்குடிப் பகுதியிலே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குச் சென்றது நடமாடும் நூலகம்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அன்று கிராமத்தானைத் தேடி மாட்டுவண்டியில் புத்தகம் போயிற்று. இன்று கிராமத்தான் மகன் பேருந்தேறிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தால், அவனை வரவேற்பது பூட்டு! அது பழமையாம், இது நவீனமாம்!

“அதெல்லாம் சரி, ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டாமா?” என்று கணக்குப் பேச வருவார்கள். வரட்டும். கணக்குப் பேசுவதற்கு இரங்கநாதனைவிடத் தகுந்தவர் யார்? அவர்தாம் கணக்கு ஆசிரியராயிற்றே! ஒரு நூலகத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை மனம்போன போக்கில் அல்ல, வாய்பாடாகவே வகுத்துத் தந்தார் அவர்.

ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஒரு வாயில் திறந்திருக்க ஓர் ஆள் — இது அவர் வாய்பாட்டின் ஒரு பகுதி. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, ஆண்டுக்கு 350 நாள் ஒரு வாயிலைத் திறந்து வையுங்கள். பன்னிரண்டு மணி வீதம் 4,200 மணி. 1,500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ மூன்று ஆள். ஒரே ஒரு வாயிலுக்கு! நாளொன்றுக்கு வரும் ஐம்பது வாசகர்க்கு ஓர் உசாத்துணை நூலகர் — இது இன்னொரு பகுதி. வரப்பெறும் 500 பருவ இதழ்களுக்கு ஒருவர் — இது மற்றொன்று.

இப்போது புரிகிறதா? மூவரில் இருவரை நீக்கிவிட்டு, “நூலகம் வழக்கம்போல் இயங்கும்” என்று அறிக்கை விடுவது, உண்மையில் நூலகத்தின் கதவைச் சாத்துவதாகும். கதவை நேராகச் சாத்தினால் மாணவர் கிளர்ந்தெழுவர். ஆளை நீக்கினால் கதவு தானே சாத்திக்கொள்ளும். ஓசைப்படாமல் அடைப்பதற்கு இது ஒரு தந்திரம்!

ஆள் இல்லாவிட்டால் அறிஞனும் என்ன ஆவான் என்பதற்கும் அதே இரங்கநாதன் வாழ்வே சான்று. 1945-ல் அவர் சென்னையை விட்டுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே குவிந்து கிடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைப் பகுத்துப் பட்டியலிட வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளர் இல்லை. உலகம் வியந்த பகுப்பு முறையைப் படைத்தவர், ஐம்பதைத் தாண்டிய அகவையிலே, தாமே உட்கார்ந்து நூல் நூலாக எடுத்து எண்ணிட்டார். அவர் உழைப்பை வணங்குகிறோம். ஆனால் அந்த உழைப்பைக் காட்டி, “பார்த்தீர்களா, ஒருவரே செய்துவிட்டாரே!” என்று எவனாவது சொன்னால், அவன் அவரைப் போற்றவில்லை, அவர் வாய்பாட்டைக் குப்பையிலே வீசுகிறான்.

அடுத்த அம்பைத் தொடுப்பார்கள்: “இது கணினிக் காலம். இதழெல்லாம் திரையிலே வருகிறது. அடுக்கவும் எடுக்கவும் ஆள் எதற்கு?”

ஒப்புக்கொள்கிறேன். திரையில் வரும் இதழைத் தூசு தட்ட வேண்டாம். கட்டம் கட்ட வேண்டாம். கறையானுக்கு அஞ்ச வேண்டாம். அந்த வேலைக்கு ஆள் குறையலாம். குறையட்டும். ஆனால் தேடித் தரும் வேலை?

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை, ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்றொரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய். பன்னாட்டுப் பதிப்பகங்கள் 30. இதழ்கள் ஏறத்தாழ 13,000. பயன்பெறும் அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்கள் 6,300-க்கு மேல். மாணவரும் ஆசிரியரும் ஆய்வாளருமாக ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஆண்டொன்றுக்கு 1,100 ரூபாய்க்குச் சற்று மேல். கொடுக்கட்டும், அறிவுக்குக் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. செல்வக் கல்லூரிக்கு மட்டும் கிடைத்தது சிற்றூர்க் கல்லூரிக்கும் கிடைக்குமானால் நல்லதே. ஆனால் கேட்கிறோம் — பதிமூவாயிரம் இதழ்களை வாங்கப் பணம் உண்டு. அவற்றிலே தனக்கு வேண்டிய ஒன்றை ஒரு மாணவன் கண்டெடுக்க வழிகாட்டும் ஒரு மனிதனுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லையா? கடலை விலைக்கு வாங்கிவிட்டுத் தோணிக்காரனை வேலையை விட்டு நீக்குவதா?

நான் நாடகம் எழுதுகிறவன். ஒரு காட்சி காட்டுகிறேன்.

நூலகம். ஒரு கணினி. அதன் எதிரே ஒரு மாணவி. தந்தை செங்கல் சூளையிலே வேலை. அவள் குடும்பத்திலே பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் அவளே. தன் ஊர் ஏரி வற்றியது பற்றி ஆய்வு செய்யப் புகுந்திருக்கிறாள். தமிழிலே சிந்தித்து, ஆங்கிலத்திலே இரண்டு சொல்லைத் தட்டுகிறாள். திரையிலே பல்லாயிரம் முடிவுகள் வந்து கொட்டுகின்றன. எது வேண்டும்? எது வேண்டாம்? எது மெய், எது பொய்? திரும்பிப் பார்க்கிறாள். உசாத்துணை மேசை. மேசைமேல் ஓர் அட்டை: ‘பொறுப்பாளர் இல்லை.’ சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறாள். மணி அடிக்கிறது. காவலர் வருகிறார்: “நேரம் ஆச்சு, கிளம்பும்மா!” திரை விழுகிறது.

இந்தக் காட்சியிலே தீயவன் எங்கே? காவலரா? இல்லை, அவரும் கூலிக்காரர். கணினியா? அது கருவி. தீயவன் மேடைக்கே வருவதில்லை. குளிரூட்டிய அறையிலே அமர்ந்து, ‘இப்பணியிடம் தேவையற்றது’ என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, தன் மகனுக்கு வேண்டிய நூலை அன்றே விலைக்கு வாங்கி வீட்டுக்கு வரவழைக்கிறான்!

ஆம், தோழர்களே! நூலகப் பணியாளரைக் குறைத்தால் உள்ளவன் வீட்டிலே ஒரு புத்தகமும் குறையாது. இல்லாதவனுக்குத்தான் எல்லாம் குறையும். முற்காலத்து ஐரோப்பாவிலே நூல்களை இரும்புச் சங்கிலியால் அடுக்கோடு பிணைத்து வைத்தார்கள்; இங்கிலாந்தின் ஹெரபோர்டு தேவாலயத்திலே அந்தச் சங்கிலி நூலகம் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. அந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரிந்தது. ஆளை நீக்கிப் பூட்டப்படும் இந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவே வேற்றுமை!

என் கதையும் ஒன்றுண்டு. நான் கல்லூரியை முடிக்காதவன். மேடைதோறும் மாற்றார் அதைச் சொல்லிக் கேலி செய்வதும் நீங்கள் அறிந்ததே. இரண்டாம் ஆண்டிலே கட்டணம் கட்ட வழியின்றி வெளியேறினேன். கல்லூரி என்னை விட்டது, நூலகம் விடவில்லை. அங்கே ஒரு முதிய பணியாளர் இருந்தார். பட்டதாரி அல்லர். கண்ணாடி அலமாரிகளின் சாவி அவர் இடுப்பிலே. நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். மற்றவராயின், ‘இல்லை’ என்று சீட்டைத் திருப்பியிருப்பார்கள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது இல்லை, ஆனா இதுக்கு அண்ணன் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வரேன் இரு” என்பார். கொண்டுவந்து வைப்பது நான் கேட்டதைவிடச் சிறந்த நூலாக இருக்கும். வருகைப் பதிவிலே என் பெயர் நீங்கிய பிறகும், மூலையிலே ஒரு நாற்காலி எனக்கிருந்தது. கிரேக்க நாடகம் என்றொன்று உண்டு என்று நான் அறிந்தது அந்த நாற்காலியில்.

அவர் ஓய்வு பெற்றார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. பின்னொரு நாள் நான் சென்றபோது, அலமாரி இருந்தது, பூட்டு இருந்தது, சாவி அலுவலகத்திலே இருப்பதாகச் சொன்னார்கள். சாவியை வைத்திருப்பவர்க்கு எந்த நூலுக்கு எது அண்ணன் என்று தெரியாது. ஓர் ஆள் போனார் என்று ஏட்டிலே குறித்திருப்பார்கள். போனது ஓர் ஆளா? எனக்குப் பின்னே வந்திருக்க வேண்டிய எத்தனையோ பேருக்குரிய வழி!

அதனால்தான் சொல்கிறேன்: நூலகம் என்பது கட்டடம் அன்று, சந்தா அன்று, நுழைவாயில் இயந்திரமும் அன்று. தேடி வருகிறவனையும் அவனுக்குரிய நூலையும் சேர்த்து வைக்கிற மனிதரே நூலகம். அவரை நீக்கிய பின் எஞ்சுவது கிடங்கு!

தெருமுனைப் படிப்பகத்திலே ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்டு வளர்ந்த மரபு நம்முடையது. ஆகவே இது நம் வேலை. அடுத்த வாரமே உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு, கல்லூரிக்குச் செல்லுங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். நூலகம் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? ஒப்புதல் பெற்ற பணியிடம் எத்தனை, அவற்றிலே நிரந்தரமாக நிரப்பப்பட்டது எத்தனை? உசாத்துணை மேசையிலே ஆள் உண்டா? வாயால் விடை கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தால் கேளுங்கள். வந்த விடையைச் சுவரிலே எழுதுங்கள். ஆட்சிக்குழுவிலே அமர்ந்திருப்போரிடம் நீட்டுங்கள். சட்டமன்றத்திலே எழுப்பச் செய்யுங்கள். ஆளுவோர் எவராயினும் கேளுங்கள். நம்மவரே ஆயினும் இரு மடங்கு உரிமையோடு கேளுங்கள்!

ஐந்து மணிக்குப் பூட்டுப் போடுகிற கைக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: பூட்டுக்குக் காவல் வைக்கப் பணம் உண்டு என்றால், புத்தகத்துக்குத் துணை வைக்கவும் பணம் உண்டு. ஆளைக் கொடு! விளக்கை ஏற்று! கதவைத் திற!