பிறர் எழுதிய நிரலோடு வாழப் பழகுங்கள்

மென்பொருள் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதிகம் கேட்பது, 'அடுத்து எந்த மொழி படிக்கலாம்?' என்பதுதான். கேள்வி தவறில்லை. ஆனால் வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு போன்ற பெரிய நிறுவனங்களின் மென்பொருளில் வெற்றுத் திரையிலிருந்து எழுதத் தொடங்கும் வாய்ப்பு அரிது. பல ஆண்டுகளாகப் பலர் எழுதி, அவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டும் போய்விட்ட நிரல்தான் கைக்கு வரும். ஓடுவதைக் கெடுக்காமல் அதில் ஒரு மாற்றம் செய்வதுதான் அன்றாட வேலை. அதற்கு மூன்று பழக்கங்கள் கைகொடுக்கும்.

முதலாவது, கிட்டை முழுமையாகப் பயன்படுத்துவது. லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய, நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி இது. பலர் கமிட், புஷ், புல் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு வரியைக் கடைசியாக யார், எப்போது, எந்தக் கமிட்டில் மாற்றினார் என்பதை 'கிட் பிளேம்' சொல்லிவிடும். 'கிட் பைசெக்ட்' இன்னும் ஒரு படி மேல். போன மாதம் சரியாக வந்த வட்டிக் கணக்கு இந்த மாதம் தப்பாக வருகிறது, இடையில் 1,000 கமிட்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியாக ஓடிய ஒன்றையும் ஓடாத ஒன்றையும் குறித்துக் கொடுத்தால், நடுவில் உள்ளதை அது எடுத்துத் தரும். சோதித்துப் பார்த்து 'குட்' அல்லது 'பேட்' என்று சொன்னால் பாதி கழிந்துவிடும். இப்படியே போனால் சுமார் 10 சோதனைகளில் பிழையைக் கொண்டுவந்த கமிட் அகப்படும். ஆனால் ஒரு கமிட்டில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். வாரம் முழுக்கச் செய்ததை வெள்ளிக்கிழமை மாலை 'சில திருத்தங்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அகப்படுவதும் மூட்டைதான்.

இரண்டாவது, டேட்டாபேஸில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. ஹைபர்னேட் போன்ற கருவிகள் டேட்டாபேஸுக்கான எஸ்கியூஎல்லைத் தாமே எழுதிக்கொள்வதால் அதைப் படிக்கத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 100 ஆர்டர்களைக் காட்டும் திரை, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் விவரத்தைத் தனித்தனியாகக் கேட்டால் 101 வினவல்கள் ஓடும். நிரலில் அது சாதுவான ஒரு லூப்பாகத்தான் தெரியும். எஸ்கியூஎல் லாகைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். ஒரே ஜாயினில் முடிகிற வேலை அது. வினவல் ஒன்றுதான், ஆனாலும் மெதுவாக ஓடுகிறது என்றால், அதன் முன்னால் 'எக்ஸ்பிளெய்ன்' சேர்த்து ஓட்டுங்கள். இண்டெக்ஸ் வழியாகப் போகிறதா, டேபிள் முழுவதையும் துழாவுகிறதா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, எழுதியதை சர்வரில் ஏற்றுவதில் ஒழுங்கு. அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேபிடல், 2012இல் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியபோது ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் அதைச் சரிபார்க்கவில்லை. நீக்கப்படாமல் கிடந்த பழைய நிரல் ஒன்றை இயக்கும் ஃபிளாகையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், விட்டுப்போன சர்வரில் அந்தப் பழைய நிரல் ஓடத் தொடங்கி, சுமார் 45 நிமிடங்களில் லட்சக்கணக்கான ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. நட்டம் 44 கோடி டாலருக்கும் மேல். எல்லா சர்வர்களிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று அங்கே இருந்திருந்தால், முந்தைய நாளே காட்டிக்கொடுத்திருக்கும்.

ஏஐ உதவியாளர்கள் நிரல் எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஏஐ எழுதியதும் பிறர் எழுதிய நிரல்தான். அதைப் படித்து, சோதித்து, பொறுப்பேற்க வேண்டியவர் நீங்கள். புதிய மொழிகளைத் தாராளமாகப் படியுங்கள். அதற்கு முன், உங்கள் குழுவில் அடுத்து வரும் பிழையை பைசெக்ட் வைத்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.