பெர்லினின் நான்கு ஞாயிறுகள்

கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம், கொண்டாடுவதற்கு அல்ல, காத்திருப்பதற்கே ஏற்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்கச் சொன்னார். இன்று அதே வாரங்கள்தாம் மேற்குலகின் பெரும் விற்பனைக் காலம். கைபேசியை அணைத்துவிட்டு அமைதியாக அமர்ந்து ஜெபியுங்கள் என்று போதகர்கள் ஆண்டுதோறும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான்; ஞாயிறு பிற்பகலில் கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? ஜெபத்துக்கான ஓய்வு தனிமனித மனஉறுதியால் மட்டும் கிடைப்பதில்லை. ஊர் சேர்ந்து அதற்கு நேரம் ஒதுக்கவேண்டும்.

ஜெர்மனியில் இது வழக்காகவே வந்தது. பெர்லின் மாநிலம் 2006இல் இயற்றிய சட்டம், திருவருகைக் கால ஞாயிறுகள் நான்கிலும் பிற்பகல் 1 மணி முதல் இரவு 8 மணி வரை கடைகளைத் திறக்க அனுமதித்தது. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் இரண்டும் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போயின. ஞாயிறு உழைப்பிலிருந்து ஓய்வுக்கும் உள்ளத்தின் எழுச்சிக்கும் உரிய நாள் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு சொன்னதை இன்றைய அரசியலமைப்பான 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, நான்கு ஞாயிறுகளையும் தொடர்ச்சியாகத் திறந்துவிடுவது செல்லாது என்று 2009 டிசம்பர் 1 அன்று தீர்ப்பு வந்தது. கடைக்காரரின் வருமான ஆசையும் வாங்குபவரின் அன்றாட விருப்பமும் மட்டும் விதிவிலக்குக்குப் போதிய காரணமாகா என்றது நீதிமன்றம்.

பெர்லின்வாசிகளில் பெரும்பாலோர் எந்தத் திருச்சபையிலும் இல்லாதவர்கள். அவர்கள்மீது ஒரு மதத்தின் நாட்காட்டியை ஏன் சுமத்தவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தீர்ப்பு யாரையும் கோயிலுக்கு அனுப்பவில்லை. குடும்பமும் நண்பர்களும் சங்கங்களும் ஒன்றுகூட, எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு வேண்டும் என்பதே அதன் மற்றொரு அடிப்படை. செவ்வாய்க்கிழமை ஈடுவிடுப்பு கொடுத்துவிட்டால் போதாதா என்பவர்கள், அன்று பிள்ளைகள் பள்ளியில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் சந்தைகளில் ஞாயிறன்றும் சூடான ஒயின் விற்கிறதே என்றால், ஆம், விற்கிறது, அது முரண்தான். வேலியில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக வேலியையே பிடுங்கச் சொல்வது விசித்திரமான தர்க்கம்.

கடையை மூடினால் வணிகம் இணையத்துக்குப் போய்விடும் என்பதே வலுவான மறுப்பு. அதற்கும் பதில் உண்டு, கிடங்கிலும் ஆட்கள்தாமே வேலை செய்கிறார்கள். 2015 டிசம்பரில், திருவருகைக் காலத்தின் கடைசி இரண்டு ஞாயிறுகளில் ரைன்பெர்க் கிடங்கில் 800 பேரை வேலைக்கு அமர்த்த அமேசான் அனுமதி பெற்றது. வெர்டி தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. வாங்கிய அன்றே பொருள் வீட்டுக்கு வரும் என்று வாக்களித்து நிறுவனம் தானே உண்டாக்கிக்கொண்ட நெருக்கடியை ஞாயிறு வேலைக்குக் காரணமாகக் காட்ட முடியாது என்று, 2021 ஜனவரியில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அந்த அனுமதி சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தது.